காலை உணவு மையச் சமையலை போனில் பதிவு செய்யச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இது: உங்கள் ஒன்றியத்தில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் மகளிர் குழுப் பெண்களில் சிலருக்குப் பொங்கலும் உப்புமாவும் அருமையாக வருகின்றன, பக்கத்துப் பள்ளியில் அதே பொருள், அதே அளவு, ஆனால் கட்டியாகிப் போகிறது. நன்றாகச் சமைப்பவர்கள் தங்கள் முறையை ஸ்மார்ட்போனில் வீடியோவாக எடுத்து மற்றவர்களோடு பகிர அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க விரும்புகிறீர்கள். எங்கிருந்து தொடங்குவது, என்ன வாங்குவது, யூடியூபில் போட்டால் அவர்களுக்கு வருமானம் வருமா?

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். மைக், ஸ்டாண்ட், விளக்கு எல்லாம் அப்புறம். கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், சமைப்பவரிடம் சரியான கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நன்றாகச் சமைக்கிறவர் தான் செய்வதில் பாதியைச் சொல்ல மாட்டார். மறைப்பதற்காக இல்லை, அதைத் தான் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. கை தானாகச் செய்கிறது. அந்தப் பாதியை வெளியே கொண்டுவராத வீடியோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பக்கத்துப் பள்ளிப் பொங்கலை மாற்றாது.

இந்தத் திட்டத்துக்கு வீடியோ ஏன் இவ்வளவு பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதிகாரிகளிடம் அனுமதி கேட்கும்போது உங்களுக்கு உதவும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கியது, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பட்டியல் சின்னதுதான்: உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார், அவற்றின் வகைகள். ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு என்று அளவும் ஒன்றே. ஆயிரக்கணக்கான சமையலறைகளில் ஒரே வாரத்தில் ஒரே உணவு. ஒருவர் கண்டுபிடித்த நல்ல வழி இன்னொருவருக்கு மறுநாளே பயன்படும். இன்னொன்று, பொதுவாக அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தையின் தாய்க்குத்தான் இங்கே சமைக்க வாய்ப்பு. குழந்தை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனால் அம்மாவும் விலகுவார். வருடக்கணக்கில் சேர்ந்த கைப்பக்குவம் அவரோடு போய்விடுகிறது, புதிதாக வருபவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். மையப் பொறுப்பாளரிடம் ஆண்ட்ராய்டு போன் இருக்க வேண்டும் என்பது தேர்வு விதிகளிலேயே உண்டு. ஆகவே கருவி ஏற்கெனவே சமையலறையில் இருக்கிறது.

பயிற்சிக்கு வரும் பெண்கள் எல்லாருமே யூடியூபில் சமையல் பார்த்தவர்கள். அதையே எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். 2018இல் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது, தமிழில் அதற்கு முன் யாரும் தொடாத எண்ணிக்கை. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த வீடியோ பார்க்கிறவருக்காக எடுக்கப்படுவது. பார்த்து மகிழ அளவு தேவையில்லை. உங்கள் வீடியோ நாளை காலை இருட்டோடு எழுந்து அதே பொங்கலை வைக்கப்போகிற ஒருவருக்காக. அவருக்குத் தொடக்கத்தில் வணக்கம் வேண்டாம், பின்னணி இசை வேண்டாம், கடைசியில் சாப்பிட்டுப் பார்த்து ‘சூப்பர்’ சொல்வது வேண்டாம். அந்தச் சேனலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு பொருளையும் கேமராவுக்கு முன் காட்டி அதன் பெயரை உரக்கச் சொல்வார்கள். அதை அப்படியே பின்பற்றச் சொல்லுங்கள்.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். பயிற்சியில் பெண்களை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் சமைப்பார், இன்னொருவர் போனைப் பிடித்துக் கேட்பார். கேட்பவரும் சமைக்கிறவராகவே இருக்க வேண்டும், பயிற்சியாளராக இருக்கக் கூடாது. “அக்கா, அடுத்து என்ன போடுவீங்க?” என்று கேட்டால் பட்டியல்தான் கிடைக்கும். கேட்க வேண்டியது வேறு: “போதும்னு எப்படித் தெரிஞ்சுது?”, “இதுக்கு மேல விட்டா என்ன ஆகும்?”, “அப்படி ஆயிட்டா எப்படிச் சரி பண்ணுவீங்க?” இந்த மூன்றையும் பழக்கிவிட்டால் பயிற்சியில் பெரும்பகுதி முடிந்தது. சமையலில் பதம் என்று சொல்கிறோமே, அது இந்த மூன்று கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. பலகாரம் செய்கிறவர்களிடம் பாகைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒரு கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு சோதனையும் வைத்திருப்பார்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிக் காட்டுவார்கள். உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் அப்படிப் பெயர் வைத்த பதங்கள் இல்லை. ஆனால் சோதனைகள் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

பொங்கலையே எடுத்துக்கொள்வோம், உங்கள் ஒன்றியத்தின் பிரச்சினையும் அதுதானே. வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு, நாலரை டம்ளர் தண்ணீர் வைப்பவர், 40 குழந்தைகளுக்கு 2 கிலோ என்று வரும்போது அதே கணக்கில் வைத்தால் சரியாக வராது. பெரிய பாத்திரத்தில் மேற்பரப்போடு ஒப்பிட்டால் உள்ளே இருப்பது அதிகம், அதனால் ஆவியாகிப் போகும் தண்ணீரின் விகிதம் குறைவு. வேகும்போது நீர்த்துத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து புதியவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் விடுவார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. கனமான பாத்திரமும் அதிலிருக்கும் அத்தனை பொங்கலும் சேர்ந்து சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அடுப்பை அணைத்த பிறகும் வெந்துகொண்டே இருக்கும். ஆற ஆற இன்னும் இறுகும். சமைத்து முடிப்பதற்கும் குழந்தைகள் தட்டோடு உட்காருவதற்கும் நடுவே அரை மணியோ ஒரு மணியோ போய்விடுகிறது. அனுபவமுள்ள அக்கா, கரண்டியிலிருந்து தளர்ந்து வழியும் நிலையிலேயே இறக்கிவிடுவார். ‘இது தண்ணியா இருக்கே’ என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். ஆகவே பொங்கல் வீடியோவில் கட்டாயம் இரண்டு காட்சி வேண்டும்: அணைக்கும் நொடியில் கரண்டியால் அள்ளி ஊற்றிக் காட்டுவது, அப்புறம் பரிமாறும் நேரத்தில் அதே கரண்டியால் அதே மாதிரி ஊற்றிக் காட்டுவது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வார்த்தை விளக்கம்கூடத் தேவைப்படாது. பொங்கல் தெரிந்த எந்தப் பெண்ணும் பார்த்த உடனே தலையசைப்பார். எழுதிக் கொடுத்த குறிப்பில் இதைச் சொல்ல முடியாது. வீடியோவின் முழுப் பயனும் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

ரவையும் அப்படித்தான். ‘வாசனை வரும்வரை வறுக்கவும்’ என்பார்கள். வாசனையைப் படம்பிடிக்க முடியாது. ஆகவே கேட்பவர், கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் அடையாளத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒட்டாமல் பொலபொலவென்று கொட்டுகிறதா, கிளறும்போது வரும் சத்தம் மாறுகிறதா. கொதிக்கும் தண்ணீரில் ரவையைக் கொட்டும்போது, 2 கிலோ என்றால் அது ஒரு ஆளின் வேலை இல்லை. ஒருவர் சீராகத் தூவ, இன்னொருவர் அடிவரை கிளற வேண்டும். கேமராவில் கொட்டும் கை மட்டும் தெரிந்தால் பயனில்லை, கிளறும் கையின் வேகமும் தெரிய வேண்டும். சாம்பாரில் காய் வேகாமல் விறைப்பாக நிற்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் புளியை முன்னாலேயே ஊற்றிவிடுவது. புளிப்பு காயை மென்மையாக விடாது. ‘காயை நசுக்கிப் பார்த்துட்டுத்தான் புளி’ என்று சமைப்பவரின் வாயாலேயே வரட்டும், நசுக்கிக் காட்டும் விரலும் படத்தில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு பள்ளிகளுக்கு ஒரே பருப்பு வந்தாலும் தண்ணீர் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு இடத்தில் கூட்டுக் குடிநீர், இன்னொரு இடத்தில் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில், அதாவது சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினமான தண்ணீரில், பருப்பு எளிதில் குழையாது. அரிசியும் அப்படி: பழைய அரிசி அதிகம் தண்ணீர் குடிக்கும், புது அரிசிக்குக் குறைத்து வைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் மூன்று தகவலைச் சொல்லப் பழக்குங்கள். எத்தனை பேருக்கு, என்ன தண்ணீர், பாத்திரம் எது. அளவைச் சொல்லும்போது கிலோ, லிட்டர் மட்டும் போதாது. எல்லா மையத்திலும் இருக்கும் பாத்திரத்தைக் காட்டி ‘இந்தச் சொம்பால எட்டு’ என்றால்தான் காலை அவசரத்தில் மனதில் நிற்கும். கண்ணளவில் போடுகிறவரிடம் ‘அளந்து போடுங்க’ என்று சொல்லாதீர்கள், கை தடுமாறிவிடும். அவர் வழக்கம்போல எடுத்துக்கொள்ளட்டும். பாத்திரத்தில் போடுவதற்கு முன் தட்டில் வாங்கி நீங்கள் எடை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, போனுக்கு வருவோம். விடிகாலையில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுக்கப்போகிறீர்கள். விளக்கு, வீடியோ எடுப்பவரின் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும், ஆனால் எடுப்பவரின் நிழல் பாத்திரத்தில் விழக் கூடாது. அண்டாவுக்கு நேர் மேலே போனை நீட்டினால் இரண்டே விநாடியில் லென்ஸ் ஆவியில் மங்கும். சாய்வாக, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் உள்ளேயும் தெரியும், ஆவியும் அடிக்காது. எண்ணெய்க் கை பட்ட லென்ஸ்தான் மங்கலான வீடியோவுக்கு முதல் காரணம். ஒவ்வொரு முறையும் சுத்தமான பருத்தித் துணியால் துடைப்பதை, கை கழுவுவது போலப் பழக்கமாக்குங்கள். வெண்பொங்கல், ரவை மாதிரி வெள்ளைப் பொருளை எடுக்கும்போது திரையில் எல்லாம் வெளிறிப் பருக்கையே தெரியாது. திரையில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்சம் நிலைத்துவிடும், அப்புறம் விரலால் கீழே இழுத்துக் குறைக்கலாம். இந்த ஒரு சின்ன விஷயத்தைக் கற்றுக்கொண்டதும் பெண்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். எடுக்கும்போது ஏரோப்ளேன் மோட் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தாளிக்கும் நேரத்தில் சரியாக யாராவது அழைப்பார்கள்.

சத்தம்தான் பெரிய சிக்கல். பெரிய கேஸ் பர்னரின் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். மைக் வாங்கினாலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஓரளவுக்குத்தான் உதவும். நான் பரிந்துரைப்பது, சமைக்கும்போது செய்கையை மட்டும் எடுப்பது. தாளிக்கும் ஓசை, ரவை கொட்டும் ஓசை அப்படியே இருக்கட்டும். வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்த பிறகு அந்தத் துண்டுகளை அவருக்கே போட்டுக் காட்டி, பார்த்துக்கொண்டே பேசச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. தன் கையைத் தானே திரையில் பார்க்கும்போதுதான் ‘ஆமா, இங்க நான் அடுப்பைக் குறைச்சிருக்கேன்’ என்று அவருக்கே தெரிகிறது.

முழுச் சமையலையும் ஒரே ஓட்டமாக எடுக்க விடாதீர்கள். முழு எச்டி தரத்தில் ஒரு நிமிடத்துக்கே 100 எம்பி அளவுக்கு இடம் போகும், போன் நிறைந்து பாதியில் நின்றுவிடும். 20, 30 விநாடியில் ஆறேழு துண்டுகள் போதும்: அளவு, வறுப்பது அல்லது ஊறவைப்பது, இரண்டு மூன்று பத நிலைகள், அணைக்கும் நொடி, பரிமாறும் நொடி. இன்ஷாட் மாதிரி வீடியோவை வெட்டி ஒட்டும் ஒரு செயலியில் வரிசையாக ஒட்டி, குரலைச் சேர்த்தால் மூன்று நிமிட அளவில் ஒரு வீடியோ ஆகிவிடும். காட்சி மாறும்போது வரும் அலங்காரம், மினுக்கும் எழுத்து எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், நேரம்தான் வீணாகும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிப் பதம் தெரியாமல் போகும். டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது, 2 ஜிபி வரை போகும். ஆனால் டேட்டா குறைவாக இருப்பவர்களை நினைத்துச் சுருக்கியதையும் கூடவே அனுப்புங்கள். கோப்புக்கு ‘வெண்பொங்கல், 40 பேர், போர் தண்ணீர்’ என்று பெயர் வைக்கப் பழக்குங்கள், மூன்று மாதம் கழித்துத் தேடுபவருக்குப் புரியும்.

எடுப்பதோடு வேலை முடியவில்லை. குழுவில் அனுப்பிய வீடியோவைப் பாதிப் பேர் திறக்கவே மாட்டார்கள். இதற்கு நல்ல முன்மாதிரி விவசாயத்தில் இருக்கிறது. 2006இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஒரு திட்டமாகத் தொடங்கிப் பிறகு தனி அமைப்பானது டிஜிட்டல் கிரீன். உள்ளூர் விவசாயிகளையே வைத்துச் சின்ன வீடியோக்கள் எடுத்து, கையடக்க புரொஜெக்டரில் கிராமக் குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நடுவே நிறுத்தி, கேள்வி கேட்டு, பேச வைத்து, பிறகு யார் செய்து பார்த்தார்கள் என்று போய் விசாரித்தார்கள். பார்ப்பவர்கள் முதலில் கேட்டதே ‘இவர் யார், எந்த ஊர்?’ என்பதுதானாம். தன்னைப் போன்ற ஒருவர் செய்கிறார் என்று தெரிந்தால்தான் நம்பிக்கை வருகிறது. உங்கள் வீடியோவில் சமைப்பவர் தன் குழுவையும் ஊரையும் சொல்வது இதற்காகவே அவசியம். அவருக்குச் சம்மதமாக இருந்தால் பெயரையும் சொல்லட்டும். மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு வீடியோவைப் போடுங்கள். அணைக்கும் நொடிக்கு முன்னால் நிறுத்தி, ‘நீங்க இருந்தா இப்ப அணைப்பீங்களா?’ என்று கேளுங்கள். விவாதம் தானாகக் கிளம்பும். ‘எங்க பள்ளியில இப்படி வராது’ என்று ஒருவர் எதிர்த்தால் மிகவும் நல்லது, அடுத்த வீடியோ அவருடைய சமையலறையில்.

சில எல்லைகளைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பள்ளி வளாகத்தில் எடுக்கத் தலைமை ஆசிரியரிடமும் திட்டத்தைப் பார்க்கும் அலுவலரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குழந்தைகள் முகம் எந்தத் துண்டிலும் வரக் கூடாது. தட்டும் கையும் போதும், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். தலைக்கு உறை, கட்டிய முந்தானை, நகமும் வளையலும் இவையெல்லாம் படத்தில் சரியாக இருக்கட்டும், ஏனென்றால் பார்ப்பவர்கள் பக்குவத்தோடு பழக்கத்தையும் எடுத்துக்கொள்வார்கள். போனைச் சிலிண்டர் மேலோ அடுப்பு ஓரத்திலோ சாய்த்து வைக்கவே கூடாது. எடுப்பவர் அந்த நேரத்தில் சமையலில் கைவைக்கக் கூடாது.

முகம் காட்டத் தயங்கும் பெண்கள் இருப்பார்கள். வீட்டில் கேட்பார்களே என்ற பயம் உண்மையானது, அதை வெட்கம் என்று தள்ளிவிடாதீர்கள். பதம் இருப்பது கையிலும் பாத்திரத்திலும்தான். முகம் இல்லாமலே முழுப் பாடமும் எடுக்கலாம், குரலும் வேண்டாம் என்றால் தோழி பேசட்டும். போன் வீட்டில் கணவருக்கோ படிக்கும் பிள்ளைக்கோ பொதுவாக இருந்தால், எடுத்த துண்டுகளை அன்றே குழுவின் இன்னொரு போனுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும், கல்யாணச் சமையலுக்கும் போகிறவராக இருக்கலாம், தன் மசாலா அளவைச் சொல்ல மறுக்கலாம். அது அவருடைய பிழைப்பு. மையத்து உணவின் முறையைத் தந்தால் போதும், மற்றதைக் கேட்காதீர்கள். பகிர்வதற்கு முன் முடித்த வீடியோவை அவருக்குக் காட்டி, எங்கே வரை போகலாம் என்று அவரிடமே கேளுங்கள்: குழுவுக்குள், ஒன்றியத்துக்குள், அல்லது எல்லாருக்கும். பின்னால் மனம் மாறினால் வீடியோவை நீக்கிவிடுவோம் என்றும் சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள்.

யூடியூப் வருமானம் பற்றி நேராகவே சொல்கிறேன். மையச் சமையல் வீடியோவை யூடியூபில் வைப்பதென்றால் இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி, பட்டியலில் வராத ‘Unlisted’ அமைப்பில் வையுங்கள். சேமிப்புக்கும் பகிர்வதற்கும் வசதி. அதிலிருந்து பணம் எதிர்பார்க்க வேண்டாம், அரசுத் திட்டத்தின் சமையலறையை வருமானத்துக்குப் பயன்படுத்துவது சிக்கலில்தான் முடியும். ஆனால் பயிற்சி பெற்ற பெண் தன் வீட்டில், தன் சமையலை, தன் பெயரில் சேனலாகத் தொடங்கினால் அது அவருடைய உரிமை, மனமாரத் துணை நில்லுங்கள். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் என்னும் குறு வீடியோக்களுக்கு ஒரு கோடி பார்வை வேண்டும். பலர் அதை எட்டுவதில்லை, எட்டினாலும் தொடக்கத்தில் வருவது சொற்பம். அதைவிடச் சீக்கிரம் பலன் தருவதை நான் பார்த்திருக்கிறேன்: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட அதிரசம், முறுக்கு வீடியோவைப் பார்த்து ஊர்க்காரர்கள் கொடுக்கும் ஆர்டர். சேனல் தொடங்க விரும்புகிறவரிடம் முதலில் தீபாவளிப் பலகாரத்தை நாலு ஸ்டேட்டஸாக எடுத்துப் போடச் சொல்லுங்கள், கூடவே விலையும் முன்பதிவுக்குக் கடைசித் தேதியும்.